கூட்டத்தோடு போனால் போங்கள்

அன்றைக்கு இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ரிகோ. அவர் வீட்டம்மா ஒபேலியா. செலா, நாச்சா என்று அக்கா தங்கை இருவர். அக்காவுக்கு முழங்கால் வலி, தங்கைக்கு வாய் ஓயாது. பேத்தோ. பேத்தோவின் நாய். கடைசியாக நான். ஆறு பேர், ஒரு நாய். நாயை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ரிகோ சேர்ப்பார். எல்லோரும் சேர்ந்து நடந்த கடைசி நாள் அது.

நீங்கள் ஒன்று கேட்க, நான் வேறொன்று சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் அண்ணாச்சி. அண்ணாச்சி என்று கூப்பிடலாம் அல்லவா? எங்கள் பக்கம் முன்பின் தெரியாதவரை அப்படித்தான் கூப்பிடுவோம். இந்தத் தெரு காலையில் நடக்க வசதியாக இருக்குமா என்று கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் மகனும் மருமகளும் பக்கத்து வீட்டைப் பார்த்து முடிக்க நேரமாகும். தரகர் அத்தனை குழாயையும் திறந்து காட்டாமல் விடமாட்டார். அதுவரை இந்த நாற்காலியில் உட்காருங்கள். கார் கொட்டகை வாசல்தான், ஆனால் வெயில் நன்றாகப் படும். கார்த்திகை மாதத்தில் இந்த டெக்சஸ் வெயில் உடம்புக்கு நல்லது.

தெருவைப் பார்த்தீர்கள் அல்லவா? நடைபாதை கிடையாது. தார் முடிகிற இடத்தில் புல், புல் முடிகிற இடத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம். கார் வந்தால் நாம்தான் புல்லில் ஏறி நிற்க வேண்டும். கார்காரர்கள் நல்லவர்கள், கை காட்டிவிட்டுப் போவார்கள். நாய்கள் அப்படி இல்லை. பாதி வீட்டில் நாய்; அதில் பாதி வீட்டில் வேலிக்கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. நம் ஆட்களெல்லாம் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பெரிய கேட் போட்ட இடத்தில் இருக்கிறார்கள். அங்கே நடப்பதற்கென்றே பாதை, உட்காரப் பெஞ்சு, வாத்து விட்ட குளம் எல்லாம் உண்டு. ஒருமுறை என்னைக் கூட்டிப்போய் நடக்கவிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. எதிரில் ஒருவரும் வரவில்லை.

என் மகன் ஆவுடையப்பனுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அவனுக்குத் தோதாக வீடு அமைந்தது இங்கேதான். இந்தத் தெருவில் எல்லாம் அந்தக் காலத்தில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். வயதானவர்கள்தான் அதிகம், நம்மைப்போல. அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவர்களுக்குத் தெரியாது, இங்கிலீஷ் இரண்டு பக்கமும் அரைகுறை. ஆகையால் மனஸ்தாபம் வர வழியில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் பெயர் கோமதிநாயகம். சங்கரன்கோவில். ரேஷன் கடையில் எடை போட்டேன். படிப்பு எட்டாவதோடு சரி. பேச்சு வராது, எண்ணிக்கை வரும். சர்க்கரை உண்டு. இங்குள்ள டாக்டர், "நடந்தா மாத்திரை, நடக்காட்டி ஊசி" என்று சொன்னதாக மருமகள் செண்பகம் எடுத்துச் சொன்னாள்.

வந்த புதிதில் தனியாகத்தான் நடந்தேன். ஒரு நாள் ஒரு நாய் வேலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. கடிக்கவில்லை. குரைத்தது, அவ்வளவுதான். நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து அந்தப் பள்ளத்தில் விழுந்தேன். குல்லா ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று கூப்பிடுவது? "காப்பாத்துங்க" என்றால் இங்கே யாருக்குப் புரியும்? அதற்கு இங்கிலீஷ் வார்த்தை ஞாபகம் வருகிறவரை பேசாமல் படுத்திருந்தேன். அப்போது மேலேயிருந்து ஒரு கை வந்தது. வைக்கோல் தொப்பி, வெள்ளை மீசை. அதுதான் ரிகோ. பின்னால் மற்றவர்கள். நாச்சா என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ரிகோ மட்டும் சிரிக்கவில்லை. என் செருப்பைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, காலுக்கு நேராக வைத்தார்.

சாயங்காலம் ஆவுடை குதித்தான். "கூட்டத்தோட போனா போங்க. தனியா வாசலைத் தாண்டக் கூடாது. இன்னொரு தரம் விழுந்தீங்கன்னா ஊருக்கு அனுப்பிருவேன், சொல்லிட்டேன்" என்றான். ஊரில் யார் இருக்கிறார்கள்? அவன் அம்மா போய் நாலு வருஷமாகிறது. பகலில் இந்த வீட்டிலும் யாருமில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனால் பொழுது அடைந்துதான் வருவார்கள். அவன் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்குக் கூட்டம் இருந்தால் தெரு உண்டு. கூட்டம் இல்லையென்றால் இந்தக் கொட்டகைதான்.

மறுநாள் காலையில் வாசலில் விசில் சத்தம். எட்டிப் பார்த்தால் ரிகோ. அன்றிலிருந்து தினமும் அந்த விசில்.

அவர்கள் பெரியவர்களை "தோன்" என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். தோன் ரிகோ. நம் அண்ணாச்சி மாதிரிதான். பெண்களுக்குத் தோன்யா. எனக்குத் தோன் கோமதி. நாயகம் அவர்கள் வாயில் நுழையவில்லை. கோமதி என்றால் எங்கள் ஊரில் பெண்பிள்ளைப் பெயர் என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை, விட்டுவிட்டேன். நாச்சா மட்டும் என்னை "ஹெஃபே" என்பார். மேனேஜர் என்று அர்த்தமாம், செண்பகம் சொன்னாள். நான் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி நடக்கச் சொல்வதைப் பார்த்து மரியாதையாக வைத்த பெயர்.

ஏனென்றால் அவர்கள் நடப்பது நடையே இல்லை அண்ணாச்சி. டயர் கடை வாசலில் நின்று கடைக்காரனோடு பேச்சு. எலுமிச்சை மரம் வைத்த வீட்டில் நின்று பழம் பொறுக்கல். மாதா சிலை வைத்த முற்றத்தில் நின்று கும்பிடு. செலாவின் முழங்காலுக்கு ஒரு நிறுத்தம், நாச்சாவின் கதைக்கு ஒரு நிறுத்தம், நாய்க்கு எத்தனை என்று சொல்ல முடியாது. டாக்டர் நடக்கச் சொன்னாரா, நிற்கச் சொன்னாரா? நான் தள்ளி நின்று வானத்தைப் பார்ப்பேன். ரிகோவும் என்னோடு தள்ளி நிற்பார். நான் நின்றால் நிற்பார், நடந்தால் நடப்பார். பேச ஒன்றும் கிடையாது. அவருக்கு இடது காது மந்தம், ஆகையால் வலது பக்கமாக வரச் சொல்லிக் கையைக் காட்டுவார். பேசப்போவதே இல்லை, எந்தப் பக்கம் வந்தால் என்ன? ஆனாலும் வலது பக்கமாகத்தான் நடப்பேன்.

கிளம்பும்போது அவர் விரலை நீட்டி எண்ணுவார், அவர் பாஷையில். என் மேல் விரல் வரும்போது "செய்ஸ்". ஆறு. பிறகு நாயைக் காட்டி ஒரு வார்த்தை. எண்ணி முடித்தால்தான் கிளம்பலாம். முப்பத்தொரு வருஷம் நான் மூட்டையை எண்ணினேன், மண்ணெண்ணெய் டின்னை எண்ணினேன், வரிசையில் நிற்கிற ஆளை எண்ணினேன். என்னை யாரும் எண்ணியதில்லை. சும்மா சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை.

நடை முடிந்ததும் எல்லோரும் ஒபேலியா வீட்டில் காப்பி குடிப்பார்கள். நாலு வாசல் தள்ளி, அதோ பச்சைக் கதவு. என்னையும் கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் படியோடு கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். பெண்கள் இருக்கிற வீட்டில் காலையிலேயே போய் உட்காருவது எனக்கு வராது.

ஒரு வெள்ளிக்கிழமை விசில் வரவில்லை. விடியக்காலம் தூக்கத்திலேயே போய்விட்டார் ரிகோ.

இனிமேல் நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அன்றைக்கு நான் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் முறைப்படி செய்தேன்.

தகவல் தெரிந்ததும் காலைச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். நாலு வாசல், அதுவும் இழவு வீடு, ஆவுடை ஒன்றும் சொல்லவில்லை. உடலை வீட்டில் வைக்கவில்லை. இங்கே அதற்கென்று இடம் இருக்கிறதாம். மேசையில் அவர் படம், மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். தண்ணீரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நம் வழக்கம்தான், வித்தியாசமில்லை என்று நினைத்தேன். ஒபேலியா என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். கட்டிக்கொள்வதற்கு. எல்லோரும் அப்படித்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரடி பின்னால் போய்க் கும்பிட்டேன். புருஷனைப் பறிகொடுத்த அம்மாளை இன்னொரு ஆண் தொடலாமா? அந்த அம்மாவின் கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது.

சுவரோரம் ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். காப்பி கொண்டுவந்தார். மக்காச்சோள மாவில் கறி வைத்து, சோளத் தோலில் சுற்றி அவித்த ஒரு பண்டம் உண்டு அவர்களுக்கு, அதையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். அவரே கொண்டுவந்தார். இழவு வீட்டில் கை நனைக்கலாமா அண்ணாச்சி? அடுப்பே மூட்டக்கூடாது. நான் வாங்கி மேசையில் வைத்தேன். திரும்ப எடுத்து என் கையில் கொடுத்தார். திரும்ப வைத்தேன். மூன்றாம் தரம் மகளைக் கூப்பிட்டு, சூடாக வேறொன்று பிரிக்கச் சொல்லிக் கொடுத்தார். "தோன் ரிகோ, தோன் ரிகோ" என்றார். அவர் பெயரைச் சொல்லி ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டி, நெஞ்சில் கை வைத்து, அதையும் வைத்துவிட்டேன். மனம் கேட்காமல் இல்லை. வழக்கம் வழக்கம்தானே?

பிறகு எழுந்து, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்தேன். இழவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லலாமா? பின்னால் யாரோ "தோன் கோமதி" என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் அப்படியே நுழைய முடியாது. வாசல் குழாயில் செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் டியூப் கிடக்கிறது பாருங்கள், அதைப் பிடித்துச் சட்டையோடு தலையில் விட்டுக்கொண்டேன். என்ன குளிர்! பல் கிட்டிவிட்டது. பேத்தோ நாயோடு ஒபேலியா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர், தெருவில் நின்று பார்த்தார். வாயைத் திறந்தபடி நின்றார். அவர்களிடம் இந்தச் சுத்தம் கிடையாது அல்லவா, அசந்துவிட்டார் போலிருக்கிறது.

அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது சாயங்காலம் அந்த வீட்டில் ஜெபம். தெரு முழுக்கக் கார். தினமும் பெரிய தட்டுகளில் சாப்பாடு உள்ளே போயிற்று. நான் போகவில்லை. ஒரு தரம் போய்ப் பார்த்தாயிற்று. பதினாறு வரை அந்த வாசலைத் தொந்தரவு செய்யக்கூடாது. இங்கேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ செலாவும் நாச்சாவும் நம் வாசல் பக்கம் வந்து நின்றார்கள். நான் உள்ளே இருந்தேன். வெளியே வந்தால் வா என்பார்கள், வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? விளக்கை அணைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள்.

செண்பகம் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். அந்தப் பாஷை அவளுக்குக் கொஞ்சம் வரும். "ஒபேலியாம்மா மாத்திரை வாங்க வந்தாங்க மாமா. எப்பவும் முதல்ல உங்களத்தான் கேப்பாங்க. இன்னைக்கு ஒரு வார்த்த கேக்கல" என்றாள்.

"துக்கத்துல இருக்காங்கல்லா" என்றேன்.

"மாமா, கையில குடுத்தத ரெண்டு வாய் வச்சிருக்கலாம்ல?"

"இழவு வீட்ல கை நனைக்கிறதா? உங்க அம்மா வீட்ல அப்படித்தான் பழக்கினாங்களா?"

அவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். நல்ல பெண், ஆனால் கோவில்பட்டிக்காரி.

ஜெபம் முடிந்த மறுநாளே அவர்கள் நடக்கக் கிளம்பிவிட்டார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. பதினாறு ஆகட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனாலும் சத்தம் கேட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். கூப்பிட்டால் போவதா வேண்டாமா என்று முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய அவசியம் வரவில்லை. நாலு பேரும் புல்லோரமாக நேரே பார்த்துக்கொண்டு போனார்கள். நாய் மட்டும் நம் வாசலுக்கு இழுத்தது. பேத்தோ கயிற்றைச் சுண்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். விசில் அடிக்கிறவர் போய்விட்டார், மற்றவர்களுக்கு விசில் அடிக்க வராது, அதனால்தான் கூப்பிடவில்லை என்று வைத்துக்கொண்டேன். எண்ணிப் பார்க்காமலே கிளம்பினார்கள், அதையும் கவனித்தேன்.

அன்றிலிருந்து இந்தக் கொட்டகைக்குள் காரைச் சுற்றி நடக்கிறேன். கார் வேலைக்குப் போய்விட்டால் இடம் தாராளமாக இருக்கிறது. வெயில் இல்லை, நாய் இல்லை, பள்ளம் இல்லை. நிற்கச் சொல்வார் யாருமில்லை. எனக்குப் பிடித்த மாதிரி நிற்காமல் நடக்கலாம். சர்க்கரை மட்டும் ஏனோ ஏறியிருக்கிறது. ஆவுடை அடுத்த மாதத்துக்கு டிக்கெட் விலை பார்க்கிறான். "ஊர்ல காலாற நடக்கலாம்பா, பேச்சுக்கு ஆள் இருக்கும்" என்கிறான். இருக்கும். இருக்கும்.

இன்றைக்குப் பதினாறாம் நாள். அதனால்தான் தலை முழுகி, முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன். ரிகோவுக்கு மகன்கள் இருக்கிறார்கள், அவர்கள் பதினாறு செய்யமாட்டார்கள். ஒருவராவது செய்ய வேண்டாமா? விடிகிறதற்கு முன்னால் எழுந்து வடை சுட்டேன். செண்பகம் உளுந்து ஆட்டிக் கொடுத்தாள். தட்டியதும் சுட்டதும் நான். பதினாறு வடை. நாலு பேருக்கு நாலு நாலு, மிச்சமில்லாமல் வகுபட்டது. தட்டில் வாழையிலை இல்லை, காகிதம் போட்டு அடுக்கி, வாசலில் நின்றேன். இன்றைக்கு முறைப்படி பழையபடி சேர்ந்துகொள்ளலாம், ஆவுடைக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று.

வந்தார்கள். வழியை மறிக்கிற மாதிரி புல்லில் இறங்கித் தட்டை நீட்டினேன். "தோன் ரிகோ" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒபேலியா தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார். இன்னொரு தரம் நீட்டினேன். அதே மாதிரி நெஞ்சில் கை. செலாவும் அப்படியே. நாச்சா கூட ஒரு வார்த்தை பேசவில்லை, நாச்சா! பேத்தோ ஒன்று எடுத்தார். எடுத்து இரண்டாகப் பிய்த்து, என்னைப் பார்த்தபடியே நாய்க்குப் போட்டார். நாய் ருசித்துத் தின்றது. பிறகு போய்விட்டார்கள்.

துக்கம் இன்னும் ஆறவில்லை அவர்களுக்கு. துக்கத்தில் பண்டம் தொடமாட்டார்கள். நான் அதை மதிக்கிறேன்.

என்ன? தினமும் தட்டு தட்டாகச் சாப்பாடு போனதே என்கிறீர்களா?

அது வேறு. அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு.

வெயில் ஏறுகிறது, நாற்காலியை இப்படி நகர்த்திக்கொள்ளுங்கள். இருங்கள், பேச்சில் உபசரிக்க மறந்துவிட்டேன். தட்டு உள்ளேதான் இருக்கிறது... இந்தாருங்கள். மிளகு தட்டிப் போட்டது. எடுங்கள். சர்க்கரையா? எனக்கும்தான் சர்க்கரை. ஒன்று தின்றால் ஒன்றும் ஆகாது. அட, எடுங்கள் அண்ணாச்சி. வாசலில் வந்து உட்கார்ந்தவர் வெறும் வாயோடு போனால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இதென்ன, கையில் கொடுத்ததை அப்படியே தட்டில் வைக்கிறீர்களே, நான் என்ன அவ்வளவு...

இல்லை. ஒன்றுமில்லை.

எடுத்துக்கொண்டீர்களா? நல்லது. மெதுவாகத் தின்னுங்கள்.

மூன்று தரம் கொண்டுவந்தார் அந்த அம்மா. மூன்றாம் தரம் சூடாக. வழக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நம் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்லவில்லை. எனக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் வாய் திறக்கிற ஆள் இல்லை.

இந்நேரம் நாலு பேரும் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். பதினாறு முடிந்துவிட்டது பாருங்கள். இனிமேல் அந்த வீட்டில் கை நனைத்தால் குற்றமில்லை. காப்பி கொடுத்தால் குடிக்கலாம். உள்ளே போய் உட்காரலாம். என்னோடு அந்தப் பச்சைக் கதவு வரை வருகிறீர்களா? நீங்கள் உள்ளே வர வேண்டாம், சும்மா கூட...

உங்கள் மகன் கூப்பிடுகிறார். ஆமாம், உங்களைத்தான். போங்கள், போங்கள்.

ஒரே ஒரு உதவி. போகிற வழியில் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, நான் அந்தப் பச்சைக் கதவுக்குப் போய்ச் சேருகிறவரை இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் அது தனியாகப் போனதாக ஆகாது. ஆவுடை கேட்டால் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

இந்தக் காகிதத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறேன், எண்ணெய் ஊறிவிட்டது. நாய் ஒன்று, நீங்கள் ஒன்று. பதினான்கு இருக்கிறது. நாலு பேருக்கும் மூன்று மூன்று வைத்தால் பன்னிரண்டு. மீதியை எனக்கென்று அவர்கள் எடுத்து வைத்தால் வைக்கட்டும். மிச்சம் இரண்டு.